படம் திருத்தும் மென்பொருளும் சங்கத்தின் பணமும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களில் அண்மைக் காலமாகப் புதியதொரு செலவினம் தலைகாட்டி வருகின்றது. சில சங்கங்களில் அது விளம்பரச் செலவு என்ற தலைப்பின்கீழ் நிற்கும். சிலவற்றில் சில்லறைச் செலவினுள் மறைந்து கிடக்கும். மாதந்தோறும் ஒரே தொகை, ஒரே தேதியில், வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துகொண்டிருக்கும். விசாரித்தால், சேலைப் படங்களைத் திருத்துகின்ற மென்பொருளுக்கான சந்தா என்று விடை வரும். எந்தத் தீர்மானத்தின்பேரில் என்று கேட்டால் விடை வருவது அரிது.

படம் இன்றி இக்காலத்தில் விற்பனை இல்லை. தொலைவிலுள்ள வாங்குவோர் சேலையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கைப்பேசித் திரையிலேதான் பார்க்கின்றனர். உழவர் சங்கங்களும் தம் மஞ்சளையும் வாழையையும் குறித்துச் சிறு காணொளிகள் எடுத்து அனுப்பத் தொடங்கிவிட்டன. ஆதலின், படம் திருத்துவதற்குச் செய்யும் செலவு வீண் செலவு என்று நாம் கூற வரவில்லை. அது எவ்வளவு இருத்தல் வேண்டும், அப்பணத்துக்கு ஈடாகச் சங்கத்தின் கையில் மிஞ்சுவது யாது என்பவற்றையே அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

போட்டோஷாப் என்னும் மென்பொருள் அமெரிக்காவில் நோல் என்னும் சகோதரர் இருவரால் ஆக்கப்பெற்று, 1990ஆம் ஆண்டில் அடோபி நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. அச்சுக்கூடங்களும் படப்பிடிப்பாளரும் அதனை ஏற்றுக்கொண்டமையால், படம் திருத்துதல் என்றாலே அதன் பெயர் சொல்லும் வழக்கம் உலகெங்கும் ஏற்பட்டது. தொடக்கத்தில் அதனை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால், கணினி உள்ளளவும் பயன்படுத்தலாம். 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம், இனிவரும் பதிப்புகளைச் சந்தாவின் பேரில் மட்டுமே தருவதாக அறிவித்தது. 2012இல் வெளிவந்த ஆறாம் தொகுப்பே விலைக்குக் கிடைத்த கடைசித் தொகுப்பு. அன்று முதல் அது வாடகைப் பொருளாயிற்று.

வாடகை என்ற சொல்லை வேண்டுமென்றே கையாளுகின்றோம். மாதச் சந்தா சிறு தொகையாகத்தான் தோன்றும். ஐந்து ஆண்டுக்கு அது அறுபது மடங்கு. இரண்டு கணினிக்கு நூற்றிருபது மடங்கு. இக்கணக்கைப் போட்ட பின்னரே நிர்வாகக் குழுவினர் தீர்மானத்தில் கையொப்பமிட வேண்டும். இதனினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. வாடகை நின்ற நாளில் கருவியும் நின்றுவிடும். பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த சேலைப் படங்கள், விலைப்பட்டியல் வடிவங்கள், முத்திரைகள் யாவும் நம் கணினியிலேயே இருக்கும். ஆனால் அவற்றைத் திறந்து திருத்த வேண்டுமானால் மறுபடியும் சந்தா கட்ட வேண்டும். தறியும் நூலும் பிறருடையனவாய், உழைப்பு மட்டும் தம்முடையதாய் இருந்த நிலையினின்று விடுபடவே நம் முன்னோர் சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் அலுவலகத்திலேயே அதே நிலை வேறு உருவில் வந்து அமர்வதை நாம் கவனியாதிருத்தல் ஆகாது.

இதற்குச் சில சங்கங்கள் கண்டுள்ள பரிகாரம் நோயினும் கொடியது. யாரோ ஒருவர் திருட்டுப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து கணினியில் ஏற்றிக் கொடுத்துவிடுவார். செலவு இல்லை, ஆகவே கணக்கிலும் வராது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று அறிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவது குற்றமாகும். ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபார நோக்கமின்றிப் பயன்படுத்தினால் நீதிமன்றம் சலுகை காட்டலாம் என்று சட்டம் கூறுகிறது. விற்பனைக்காகவே நடக்கும் சங்கம் அச்சலுகையை எதிர்பார்ப்பதற்கில்லை. இத்தகைய பிரதிகளோடு கணினியைப் பாழாக்கும் நச்சு நிரல்களும் வந்து சேர்வது வழக்கம். அங்கத்தினர் கணக்குகளும் அதே கணினியில்தான் இருக்கின்றன என்பதை நினைவூட்டுகின்றோம்.

அப்படியாயின் வேறு வழி உண்டா எனின், உண்டு. ஆனால் 'இலவசம்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் அடங்கியிருப்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இனாமாகக் கிடைப்பது வேறு. பாத்தியதையாகக் கிடைப்பது வேறு.

இனாமுக்கு அஃபினிட்டி என்பது நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்திலுள்ள செரிஃப் என்னும் நிறுவனம் 2014 முதல் அதனை ஒருமுறை விலைக்கு விற்று வந்தது. சந்தா முறையை வெறுத்தவர் பலர் அதனிடம் சென்றனர். 2024ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கான்வா நிறுவனம் செரிஃபை வாங்கியது. 2025 அக்டோபரில் அஃபினிட்டியை விலையின்றியே தருவதாக அறிவித்தது. கான்வாவில் கணக்குத் தொடங்க வேண்டும், செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் சந்தா கட்ட வேண்டும் என்பன நிபந்தனைகள். கருவி உயர்ந்தது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பதினோராண்டளவில் முதலாளியும் மாறி விலைமுறையும் மாறிய பொருள் அது என்பதை மறத்தலாகாது. கொடுப்பவர் மனம் மாறினால் இனாமும் மாறும்.

பாத்தியதைக்கு எடுத்துக்காட்டு கிம்ப் என்பது. 1995ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து மாணவர் இருவர் தொடங்கி, 1996இல் வெளியிட்ட படத்திருத்த மென்பொருள் அது. அதன் மூல நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம் என்று அதன் உரிமமே கூறுகின்றது. ஒரு முறை நம் கையில் வந்த பதிப்பை எவரும் திரும்பப் பெற இயலாது. பத்துக் கணினியில் ஏற்றினாலும் பத்துச் சங்கங்களுக்குக் கொடுத்தாலும் குற்றமில்லை. 2025 மார்ச்சில் அதன் மூன்றாம் பதிப்பு வந்துள்ளது. செய்த திருத்தங்களைப் பின்னர் வேண்டியபோது மாற்றிக்கொள்ளும் வசதி அதில் சேர்ந்துள்ளது.

இவ்வகைக் கருவிகளின் வரலாற்றில் கூட்டுறவாளர் அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. பிளெண்டர் என்னும் முப்பரிமாணப் படக் கருவியை ஆக்கிவந்த நெதர்லாந்து நிறுவனம் 2002ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூல நிரலை விட்டுக்கொடுப்பதாக அதன் முதலீட்டாளர் இசைந்தனர். அதனை உருவாக்கிய டான் ரோசன்டால் என்பவர் பயன்படுத்துவோரிடமே நிதி கேட்டார். ஏழே வாரங்களில் தொகை சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள் பிளெண்டர் எல்லாருக்கும் உரியதாயிற்று. பங்குத்தொகை திரட்டித் தறி வாங்கிய நம் சங்கங்களின் கதைக்கும் இதற்கும் வேற்றுமை யாது? லாட்வியா நாட்டில் கின்ட்ஸ் சில்பலோதிஸ் என்பவர் இக்கருவியைக் கொண்டு ஆக்கிய 'ஃப்ளோ' என்னும் படம் 2025ஆம் ஆண்டில் சிறந்த உயிரூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்றது. விலையில்லாக் கருவி மட்டமானது என்று எண்ணுவோர் இதனைக் கருதுவாராக.

இனி நம் வேலைக்கு வருவோம். சேலைப் படத்தில் நாம் திருத்துவது யாது? நிறம் ஒன்றே தலையாய வேலை. பின்னணியை அகற்றுதல், நேராக்குதல், அளவைக் குறைத்தல் ஆகியன மற்றவை. இவையனைத்தும் கிம்ப்பில் செவ்வனே நடைபெறும்.

நிறத்தைக் குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இணையத்தில் விற்ற சேலை திரும்பி வருவதற்கு நாம் கண்ட காரணங்களுள் முதன்மையானது, படத்தில் கண்ட நிறம் வேறு, கைக்கு வந்த நிறம் வேறு என்பதே. சேலை திரும்பினால் இருவழி அனுப்புக் கூலி போயிற்று, மடிப்பும் கலைந்தது, நெசவாளிக்குக் கூலி கொடுத்துவிட்ட சரக்கு மறுபடியும் இருப்பில் வந்து தேங்கிற்று. ஒரு சங்கத்தில் அரக்குச் சிவப்புச் சேலைகளை ரத்தச் சிவப்பாகக் காட்டும் படங்களையே ஓராண்டுக்கு மேலாக வெளியிட்டு வந்தனர். விலையுயர்ந்த மென்பொருளைக் கொண்டு திருத்திய படங்கள் அவை! குழல்விளக்கின் ஒளியும் ஜன்னலின் பகலொளியும் கலந்த அறையில் படம் எடுத்ததுதான் பிழை. எடுக்கும்போது கலந்த ஒளியை எந்த மென்பொருளும் முற்றிலும் பிரித்தெடுக்காது.

ஆதலின் மென்பொருளுக்கு முன்னே ஒளி. நேர் வெயில் படாத, வடக்கு நோக்கிய ஜன்னலருகே, விளக்குகளை அணைத்துவிட்டுச் சேலையை விரியுங்கள். படக்கடைகளில் கிடைக்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டையைச் சேலையின்மேல் வைத்து ஒரு படமும், அட்டையை எடுத்துவிட்டு ஒரு படமும் எடுங்கள். சாம்பல் அட்டைக்குப் பதிலாக வெள்ளை வேட்டியை வைக்கலாமே எனின், கூடாது. வெளுப்பு மினுக்கம் ஏற்றிய துணியும் காகிதமும் பகலொளியில் நீலம் பாரித்துக் காட்டும். கிம்ப்பில் நிறப் பட்டியலின்கீழ் உள்ள 'லெவல்ஸ்' என்ற பகுதியைத் திறந்து, சாம்பல் புள்ளியைத் தேர்கின்ற சொட்டுக்குழாயை அட்டையின்மீது வைத்து அழுத்தினால், படத்தின் நிறச்சாய்வு நீங்கும். அதே அமைப்பைச் சேமித்து வைத்து, அதே ஒளியில் எடுத்த மற்றப் படங்களுக்கும் இடலாம். ஒரு நாளில் அறுபது சேலை எடுத்தாலும் அட்டை ஒருமுறை வைத்தால் போதும், ஒளி மாறாதவரை. அட்டையின் விலை ஒரு மாதச் சந்தாவிலும் குறைவு.

மயில்கழுத்து முதலிய இருநிறப் பட்டுக்களுக்கு இது போதாது. பாவு ஒரு நிறமும் ஊடை மற்றொரு நிறமுமாக நெய்த துணி, பார்க்கும் கோணத்துக்குத் தக நிறம் மாறும். அதனை ஒரு படத்தில் அடக்க முயல்வது வீண். மூன்று கோணங்களில் மூன்று படம் போட்டு, பாவின் நிறம் இது, ஊடையின் நிறம் இது என்று எழுதிவிடுவதே நேர்மையும் வியாபாரமும் ஆகும். ஜரிகை பளிச்சிட்டு வெளுத்துப் போவதற்கும் கோணமே மருந்து. கைப்பேசி தானே நிறத்தைத் தூக்கிக் காட்டும் குணம் உடையது. திருத்திய படத்தைச் சேலையின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, நெய்தவரையே கேட்டுப் பார்த்தல் நலம். அவர் கண்ணை விஞ்சிய கருவி இல்லை.

தரமான கேமராவில் மூலக் கோப்பாகவே படம் எடுக்கும் சங்கங்களுக்கு டார்க்டேபிள் என்னும் மென்பொருள் உதவும். இணைய உலாவியிலேயே இயங்கும் ஃபோட்டோபீ, போட்டோஷாப்பின் கோப்புகளைத் திறப்பதற்குக் கைகண்ட கருவி. விளம்பரத்தைச் சகித்துக்கொண்டால் விலையில்லை. படமும் நம் கணினியை விட்டு வெளியே செல்வதில்லை. ஆயினும் இது இனாம் வகையைச் சேர்ந்ததே. முத்திரை, விலைச்சீட்டு, பெயர்ப்பலகை வரைய இங்க்ஸ்கேப் போதும். அதிலும் கிம்ப்பிலும் யூனிகோடு தமிழ் எழுத்துக்கள் கொம்பும் காலும் சிதையாமல் அமையும்.

அச்சுவேலையில்தான் தடை வரும். அதனை மறைத்தல் தகாது. அச்சகத்தார் நான்கு மைப் பிரிவில் கோப்புக் கேட்பர். கிம்ப் அம்முறையில் ஏற்றுமதி செய்யுமேயன்றி, நேரே அம்முறையில் வேலை செய்யாது. கிரிட்டா செய்யும். பல பக்க விலைப்பட்டியலுக்கு ஸ்கிரைபஸ் உண்டு, அதன் 1.6 பதிப்பில் தமிழும் ஒழுங்காக அமைகின்றது. ஆயினும் நம் ஊர் அச்சகங்கள் பல இன்னும் பழைய எழுத்துருக்களையே நம்பியிருக்கின்றன. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று அறிவித்தது 2010ஆம் ஆண்டில். அச்சகத்தார் சிலருக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை போலும்! எழுத்து மாறாதபடி பிடிஎஃப் கோப்பாக்கிக் கொடுத்து, ஒரு பக்கம் மாதிரி அச்சிட்டுப் பார்த்த பின்னரே முழு அச்சுக்கு ஒப்புதல் தர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அச்சிடும் பட்டியலுக்காக ஆண்டு முழுவதும் சந்தா கட்டுவதினும், அவ்வொரு வேலையை அச்சகத்தாரிடமே விட்டுவிடுவது மலிவு.

காணொளிக்கு வருவோம். பலரும் புகழ்வது டாவின்சி ரிசால்வ். திரைப்படங்களுக்கு நிறமூட்டும் கூடங்களில் வழங்கிய கருவி இது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2009இல் இதனை வாங்கி, 2011 முதல் விலையில்லாப் பதிப்பும் தருகின்றது. முழுப் பதிப்பு 295 டாலர். அதுவும் ஒருமுறை விலையே, சந்தா அன்று. குறை யாதெனில், வலிமை மிக்க கணினியும் தனி வரைகலை அட்டையும் இன்றி அது நகராது. மென்பொருள் இலவசம் என்று தொடங்கிக் கணினிக்குப் பெருந்தொகை செலவிட்டால் சிக்கனம் எங்கே? லினக்ஸ் கணினியிலோ, அதன் விலையில்லாப் பதிப்பு கைப்பேசிக் காணொளிகளை நேரே ஏற்பதுமில்லை.

நம் சங்கங்களில் உள்ள நான்கைந்து ஆண்டுப் பழைய கணினிகளுக்குக் கேடென்லைவ் அல்லது ஷாட்கட் பொருந்தும். இரண்டும் பாத்தியதை வகை. கனமான காணொளிக்குச் சிறிய பதிலிக் கோப்பு ஒன்றை ஆக்கி, அதன்மேல் வெட்டி ஒட்டிவிட்டு, முடிவில் மூலக் கோப்பிலிருந்தே படம் எடுக்கும் வசதி இவற்றில் உண்டு. பேச்சும் வாயசைவும் போகப்போகப் பொருந்தாமல் விலகுவதாகச் சிலர் முறையிடுவர். கைப்பேசி ஒரு வினாடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை, அதுவே காரணம். கோப்பை முதலில் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொண்டால் குறை தீரும்; இவ்விரு மென்பொருளும் அதற்கு வழி வைத்துள்ளன. தறி ஓசைக்கு நடுவே நின்று பேசாமல், பேச்சைத் தனியறையில் பதிந்து ஆடாசிட்டியில் செப்பனிட்டுச் சேர்ப்பது நல்லது. தறி ஓசையை அடியோடு நீக்கிவிட வேண்டாம்; கைத்தறி என்பதற்கு அதுவே சாட்சி.

படத்தோடு தொடர்புடைய மற்றொன்றையும் ஈண்டுக் குறிக்கின்றோம். ஜக்கார்டு வடிவங்களைக் கட்டத்தாளில் வரைந்து அட்டை துளைக்கும் வேலைக்கும் விலையுயர்ந்த கணினி மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின்கீழ் உள்ள டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன், ஜக்கார்டு, டாபி நெசவுகளுக்கென டிஜிபுனாய் என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கியுள்ளது. விலை கொடுத்து வாங்குமுன் அதனைச் சோதித்துப் பார்க்காத சங்கம் அவசரப்பட்ட சங்கமாகும்.

கற்றுக்கொள்வது கடினம் அல்லவா என்று கேட்பர். பழகிய கை புதுக்கருவியில் சில வாரம் தடுமாறும், அவ்வளவே. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கிம்ப், இங்க்ஸ்கேப் முதலியவற்றுக்குத் தமிழிலேயே பாடங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இக்கருவிகளைப் பாடப்புத்தகத்திலேயே பயில்கின்றனர். நம் அங்கத்தினர் வீடுகளில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இல்லையா? ஒருவருக்கு மட்டும் கற்பியாமல் இருவருக்குக் கற்பிக்க வேண்டும். அந்த ஒருவர் வேலையை விட்டுச் சென்ற சங்கங்களில் விலைப்பட்டியல் மாதக்கணக்கில் பழையதாகவே நின்றதைக் கண்டிருக்கின்றோம்.

சந்தாவே கூடாது என்று நாம் விதிக்கவில்லை. நாள்தோறும் பல நிறுவனங்களுடன் ஒரே வகைக் கோப்பைப் பரிமாறிக்கொள்ளும் பெரிய சங்கத்துக்கு அது தகும். ஆனால் தீர்மானம் வேண்டும். தனித் தலைப்பில் கணக்கு வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழுவில் அதனால் விளைந்த விற்பனையைக் காட்டுதல் வேண்டும்.

விட்டு விலக முடிவு செய்யும் சங்கங்கள் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு ஒப்பந்தத்தில் மாதந்தோறும் கட்டும் சந்தாவை முதல் பதினான்கு நாளுக்குப்பின் இடையில் நிறுத்தினால், எஞ்சிய மாதங்களின் தொகையில் பாதியைக் கட்டணமாகப் பிடிப்பது அடோபியின் முறையாக இருந்து வந்துள்ளது. இக்கட்டணத்தை வாங்குவோருக்குத் தெளிவாக அறிவிக்கவில்லை என்று அமெரிக்க அரசே 2024 ஜூனில் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. உங்கள் ஒப்பந்தம் எந்த மாதத்தில் தொடங்கிற்று என்பதை ரசீதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். அது முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே எல்லாக் கோப்புகளையும் திறந்து, அடுக்குகள் கலையாதபடி டிஃப் வடிவில் ஒரு பிரதியும், ஜேபெக் வடிவில் ஒரு பிரதியும் எடுத்து, தனி வன்தட்டில் சேர்த்து, அத்தட்டைச் சங்கத்தின் சரக்குப் பதிவேட்டில் வரவு வைத்து, அலமாரியில் பூட்டுங்கள். அதன் பின்னரே சந்தாவை நிறுத்துங்கள்.